உயிர் காக்கும் ஜாக்கெட் மூலையில்! உல்லாசப் பயணிகள் தண்ணீரில்!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் போதும். முட்டுக்காடு, ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று படகு விடுகிற இடமெல்லாம் கூட்டம். குழந்தை குட்டிகளோடு டிக்கெட் வாங்குகிறார்கள். ஏறியதும் தேடுவது ஓரத்து சீட்டை! படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால், "வாயைக் கழுவுங்க சார், நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசறீங்களே" என்பார்கள்.

பேசாமல் இருந்ததால் விபத்து வராமல் போனதா?

பலிக் கணக்கு

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் இரண்டு அடுக்கு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் பலி. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர் பலி. 2023 மே 7-ந்தேதி கேரளாவில் தானூரில் 22 பேர் பலி. 2024 ஜனவரி 18-ந்தேதி குஜராத்தில் வதோதரா ஹர்னி ஏரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 12 பேர், ஆசிரியைகள் 2 பேர் பலி.

ஊர்தான் வேறு. கதை ஒன்றுதான். தானூர் படகில் 22 பேருக்குத்தான் அனுமதி. ஏற்றியதோ 37 பேர்! மீன்பிடிப் படகை மாற்றி உல்லாசப் படகாக்கி, இருட்டிய பிறகும் ஓட்டியிருக்கிறார்கள்.

படகு ஏன் கவிழ்கிறது? ஓட்டை விழுந்துதான் கவிழ வேண்டும் என்பதில்லை. பாரம் அதிகமானால் விளிம்பு தண்ணீரைத் தொடும். அந்த நேரம் பார்த்து ஒருவர் "அதோ பார்!" என்று கத்துவார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஒரு பக்கம் ஓடுவார்கள். அவ்வளவுதான், படகு குப்புற விழும்!

ஆபத்து வந்தால்...

கவிழ்ந்த பிறகு ஜாக்கெட்டைத் தேட முடியாது. பெஞ்சுக்கு அடியில் கட்டி வைத்த ஜாக்கெட்டும் கடையில் தொங்குகிற ஜாக்கெட்டும் ஒன்றுதான். ஏறும் முன்பே போட்டு, வாரை இறுக்கிக் கட்ட வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட்.

ஒருவர் தவறி விழுந்தால் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரே ஒருவர் அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்ட வேண்டும். மிதவை வளையத்தையோ கயிற்றையோ வீச வேண்டும். கிட்டே போனதும் இன்ஜினை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் விட்டதை விசிறி வெட்டிவிடும்! நீந்தத் தெரியாதவர் குதிக்கவே கூடாது. ஒரு சாவு இரண்டாகிவிடும்.

படகு கவிழ்ந்தால், மிதக்கிற படகைப் பிடித்துக் கொள்வதே நல்லது. கரை கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். நீந்தினால் தூரம் தெரியும்!

கரைக்குக் கொண்டு வந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் ஆபத்து. மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். ஆஸ்பத்திரி வண்டிக்கு 108. கடலில் என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554.

யார் பொறுப்பு?

படகுக்காரரைக் கேட்டால், "நாங்க குடுக்கறோம் சார், அவங்க போட மாட்டேங்கறாங்க. வியர்வை நாத்தம்ங்கறாங்க, புடவை கசங்குதுங்கறாங்க" என்கிறார். பாதி உண்மை. ஆனால் படியில் தொங்குகிறவர் உள்ளே வந்தால்தான் விசில் அடிப்பேன் என்று பஸ் கண்டக்டர் நிறுத்துகிறாரே! ஜாக்கெட் போடாதவர் இறங்கினால்தான் இன்ஜின் ஓடும் என்று சொல்ல படகு டிரைவருக்கு ஏன் முடியவில்லை? அவர் கூலிக்கு ஓட்டுகிறவர். "இன்னும் நாலு பேரை ஏத்து" என்று முதலாளி சொன்னால் ஏற்றத்தான் செய்வார். ஆகவே பாரத்தைத் தடுக்க வேண்டிய இடம் டிக்கெட் கவுண்டர். படகில் எத்தனை பேர் என்பதைக் கொட்டை எழுத்தில் துறையிலேயே எழுதி வைக்க வேண்டும். அதற்கு மேல் டிக்கெட் கிழிக்கக் கூடாது. கிளம்பும் முன் இரண்டு நிமிஷம் டிரைவர் எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவு வேண்டும், சோதனைச் சான்று வேண்டும் என்கிறது. ஆனால் நடப்பது என்ன? விபத்து நடந்தால் பத்து நாள் அதிரடி சோதனை. பதினோராம் நாள் பழைய குருடி கதவைத் திறடி!

அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜாக்கெட் இல்லையா? ஆள் நெரிசலா? இருட்டிவிட்டதா? ஏறாதீர்கள். டிக்கெட் காசு திரும்பி வராவிட்டால் போகட்டும். போன ஆள் திரும்பி வர வேண்டும்!