மலை இல்லாத ஊரில் இரண்டு மலை

குருநகர்ப் பெற்றோரே, உங்கள் பிள்ளையின் சித்திரக் கொப்பியை இன்றைக்கு ஒருதரம் எடுத்துப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், அடியில் ஓர் ஆறு, ஓரத்தில் தென்னை. குடாநாட்டில் மலை ஏது? வழுக்கையாறுகூட மாரியில்தானே ஓடுகிறது? படலையைத் திறந்தால் கடல். இறங்குதுறையில் வள்ளங்கள், வெயிலில் காயும் வலை, தண்ணீருக்குள் வரிசையாக நிற்கும் களங்கண்டித் தடிகள், அப்பால் மண்டைதீவு. இவற்றில் ஒன்றாவது அந்தக் கொப்பியில் இருக்கிறதா?

பிள்ளையில் குற்றமில்லை. இது நாங்கள் செய்துவைத்த வேலை. பிள்ளை கீறத் தொடங்கியதும் பக்கத்தில் குந்தி, "இஞ்ச கொண்டா, நான் வடிவாக் கீறித் தாறன்" என்று பென்சிலைப் பறிக்கிறோம். கடலுக்கு மண்ணிறம் தீட்டினால் "கடல் நீலமெண்டு தெரியாதோ?" என்று அதட்டுகிறோம். வாடைக்காற்று அடிக்கிற மார்கழியில் நம் கரையில் நின்று பார்த்த எவராவது அந்தத் தண்ணீர் நீலம் என்று சத்தியம் பண்ணுவாரா? சேறு கலங்கிச் சாம்பல் பூத்துக் கிடக்கும். பிள்ளை பார்த்துத் தீட்டியதை, நாங்கள் பாராமலே அழித்துத் திருத்துகிறோம்.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லுகிற தொழிலாளிகளின் ஊர் இது. முகிலைப் பார்த்துக் காற்றுத் திரும்பப்போவதைச் சொன்ன அப்பாமாரும் பேரன்மாரும் நமக்கு இருந்தார்கள். அந்தக் கண்ணை வளர்க்கத்தான் சித்திரப் பாடம் உதவும். அதை நிறந்தீட்டும் புத்தகத்தின் கோட்டுக்குள் அடைத்துவிட்டு, "எங்கட பிள்ளைக்குப் படம் வராது" என்று பிறகு கவலைப்படுகிறோம்.

கறிக்கு வாங்கின நீலக்கால் நண்டு ஒன்றைச் சட்டியில் போட முதல் பிள்ளைக்கு முன்னால் வையுங்கள். ஆண் நண்டின் கால்களில் ஓடுகிற நீலம் எந்தப் பஸ்டல் பெட்டியிலும் இல்லை. இரண்டு மூன்று நிறத்தைக் கலந்துதான் அதற்குக் கிட்டப் போகலாம். பெண் நண்டு மங்கல். கடைசிச் சோடிக் கால்கள் ஏன் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கின்றன என்று பிள்ளை கேட்கும். நீந்துவதற்கு என்று சொல்லுங்கள். அவித்த பிறகு இன்னொரு தாளில் கீறச் சொல்லுங்கள். நீலம் போய்ச் செம்மஞ்சள் வந்திருக்கும். நிறப் பாடமும் விலங்கியல் பாடமும் ஒரே சட்டிக்குள் முடிந்துவிடும்.

பெரிய ஓவியர்களையும் காட்டத்தான் வேண்டும், பார்த்துக் கொப்பியடிப்பதற்கு அல்ல. ஜப்பானின் ஹொக்குசாய் 1831ஐ ஒட்டி வெளியிட்ட பேரலைப் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டுங்கள். எல்லோரும் அலையைத்தான் பார்ப்பார்கள். நம் பிள்ளை அலைக்குள் அகப்பட்ட மூன்று படகுகளையும், குனிந்து பிடித்திருக்கும் ஆட்களையும் முதலில் காணும். காணாவிட்டால் கேளுங்கள். 1888இல் வான்கோ பிரான்சின் தென்கரையில் சாந்த்-மரீ என்ற மீனவர் ஊருக்குப் போய், கரையில் இழுத்துவிட்ட படகுகளைக் கோட்டில் கீறி எடுத்துவந்து பிறகு நிறம் தீட்டினார். அந்தப் படத்தைப் பார்த்த கையோடு பிள்ளையை இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கண்ட படகுக்கும் நம் பைபர் வள்ளத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

பிரான்ஸ்வரை போவானேன்? ஓவியர் அ. மாற்கு 1933இல் பிறந்தது இதே குருநகரில். கொழும்பில் நுண்கலை பயின்று, சித்திர ஆசிரியராக இருந்து, வாசுகி, நிலாந்தன் போன்றோருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். போரும் இடப்பெயர்வும் அவருடைய படைப்புகள் பலவற்றைக் கொண்டுபோயின. 2000இல் அவரும் போய்விட்டார். அவருக்கு முன்னரே, 1938இல், எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். இப்படி ஒரு வரிசை நமக்கு இருக்க, மாற்கு யார் என்று நம் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் முழிக்கிறது. சொல்லிக்கொடுக்காத நாங்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

"ஸ்கொலர்ஷிப் முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்பீர்கள். 5ஆம் வகுப்பு முடிந்ததும் சாதாரண தரத்துக்கான ரியூசன் தொடங்கிவிடும். அங்கே சந்தைக் காட்சி, திருவிழாக் காட்சி என்று மனப்பாடம் செய்த படத்தைக் கீறி, ஏ எடுத்தால் கொண்டாடுவோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தூரிகையைத் தொடுகிறதா என்று யாராவது பார்த்தோமா? "படம் கீறி என்னத்தைச் சாப்பிடுறது?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாக இருக்கிறது. ஆனால் வேலை கிடைக்கும் என்பதற்காக இதைச் சொல்ல வரவில்லை. ஒன்பது வயதில் ஒரு பொருளை நின்று பார்க்கப் பழகாத பிள்ளைக்குப் பத்தொன்பதில் அதைப் பழக்குவது பெரும்பாடு.

வருகிற சனிக்கிழமை ஒரு வகுப்பை மட்டும் விட்டுவிடுங்கள். நாலைந்து வெள்ளைத் தாள், ஒரு மட்டை, ஒரு பென்சில். பின்னேர வெயில் தணிந்ததும் பிள்ளையோடு கரைக்கு வாருங்கள். அழிறப்பர் வேண்டாம். பிள்ளை கீறி முடிக்கும்வரை தயவுசெய்து வாய் திறக்காதீர்கள்.