சுவரில் மாட்டிய சுமைவண்டி

பெங்களூரில் இந்திராநகர் உணவகங்கள் சில, பழைய மிதிவண்டியைச் சுவரில் மாட்டி ‘விண்டேஜ்’ என்று பெருமை கொள்கின்றன. வாசலுக்கு வெளியே, அதே 28 அங்குலச் சக்கரமும் கம்பிப் பிரேக்கும் கனத்த கேரியரும் கொண்ட வண்டியில் இளநீர்க் குலைகளைத் தொங்கவிட்டு ஒருவர் தள்ளிச் செல்கிறார்.

மொழியியல் பயின்ற எனக்கு இந்த ‘விண்டேஜ்’ இறந்தகால இடைநிலையாகவே ஒலிக்கிறது. இன்றும் உழைப்பவரை அது நேற்றைக்குத் தள்ளிவிடுகிறது.

2020 ஜூன் 3 அன்று அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அன்று உலக மிதிவண்டி நாள் என்ற முரணை நாம் பகிர்ந்து ஓய்ந்தோம்; அவ்வண்டியால் பிழைப்போர் உதிரிப்பாகங்களுக்கு எங்கே போவார்கள் என்று கேட்டோமா? அதே ஆண்டு இம்மாநகரம் மிதிவண்டித் தடத்துக்குத் தேர்ந்த இடம், தகவல்தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த வெளிவட்டச் சாலை. கே.ஆர். மார்க்கெட்டின் சுமைவண்டிகள் எவர் கண்ணிலும் படவில்லை.

ஆய்வுலக நண்பர்களே, ‘மரபுச் சின்னம்’ என்று கட்டுரைக்குத் தலைப்பிடுமுன் அந்த இளநீர்க்காரரிடம் செல்லுங்கள். கேரியரில் சுமையைக் கட்ட அவர் கிழித்து வைத்திருக்கும் பழைய டியூபுக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். தடம் எங்கே வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.