அரைகுறையாக நேரான முடியும் மூன்று மாதப் பொறுமையும்

தில்லையடி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்கு தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியும் வள்ளியம்மையும் நினைவுக்கு வரக்கூடும். நான் சொல்லும் ஊர் வேறு. இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் களப்புக்குப் பக்கத்தில், நகரையொட்டிக் கிடப்பது இந்தத் தில்லையடி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல வந்து தங்கி, பின்னர் வேரூன்றிய இடங்களுள் ஒன்று. அகதி முகாம், குடிநீர், வாக்காளர் பதிவு என்று அந்தப் பகுதியைப் பற்றி எழுத ஆயிரம் விடயங்கள் உண்டு. இன்று நான் எழுத எடுத்துக்கொண்டது பெண்களின் தலைமுடி. அரசியல் எழுதியவனுக்கு இது தேவையா என்று நகைப்போர் நகைக்கட்டும். படித்து முடித்தபின் அவர்களே முடிவு செய்யலாம்.

தில்லையடியில் எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில் அக்காவின் திருமணத்துக்காகத் தங்கைக்கு முடி நேராக்கினார்கள். பிள்ளைக்கு வயது 19. பிறவியிலேயே நெருக்கமான சுருள் முடி. மருந்து பூசிய சில நிமிடங்களில் உச்சந்தலை எரியத் தொடங்கவே, அவசரமாகக் கழுவிவிட்டார்கள். விளைவாக நுனி நேராகவும் நடு அலையலையாகவும் வேர் பழையபடி சுருளாகவும் நின்றது. “இரண்டு கிழமை கழித்து வாருங்கள், இன்னொரு தடவை போட்டுவிடலாம்” என்று சொல்லி அனுப்பினார்கள். பூசிய மருந்து எது என்று கேட்டால் வீட்டில் எவருக்கும் தெரியாது. பெட்டியில் இருந்த எழுத்து என்ன மொழி என்பதும் தெரியாது.

அந்த இரண்டு கிழமை என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. இவ்வாறு அரைகுறையாக நேரான முடிக்கு உடனடியாக இன்னொரு முறை மருந்து பூசுவதைப் போலக் கெடுதல் வேறில்லை.

காரணம் எளியது. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் குறுக்கே கட்டிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். முடியின் வடிவத்தை நிலைநிறுத்துபவை அவை. நேராக்கும் மருந்துகள் அந்தப் பிணைப்புகளையே உடைக்கின்றன. இவற்றில் இரு குடும்பங்கள் உண்டு. முதலாவது காரவகை. எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ரொக்சைட்டோ, அல்லது கல்சியம் ஹைட்ரொக்சைட்டையும் குவானிடீன் காபனேற்றையும் கலந்து பெறும் மருந்தோ இதில் அடங்கும். ‘எரிசோடா இல்லாதது’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இரண்டாவதும் கடுங்காரமே. ஆபிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கென உலகெங்கும் விற்கப்படும் ‘ரிலாக்சர்’ பெரும்பாலும் இந்த வகை. மற்றைய குடும்பம் தயோகிளைக்கோலேற்று. நம் பக்கத்து அழகுக்கலை நிலையங்களில் ‘ரீபொண்டிங்’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மருந்து பிணைப்பை அவிழ்க்க, சூடான இரும்பு முடியை நேராக்க, ஹைட்ரஜன் பெரொக்சைட் அதைப் புதிய நிலையில் பூட்டுகிறது.

மருந்து போதிய நேரம் நில்லாவிட்டாலும், மெல்லியதாகப் பூசப்பட்டாலும், முடியில் எண்ணெயோ உப்புப் படிவோ கனமாக இருந்தாலும் வேலை பாதியில் நிற்கும். வெளியே பார்ப்பவருக்கு மருந்து ‘பிடிக்கவில்லை’ என்றே தோன்றும். உள்ளேயோ பிணைப்புகளில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. காரவகை உடைத்த பிணைப்பு பழையபடி கூடுவதும் இல்லை. புரி பாதி அறுந்த கயிறு தூரத்திலிருந்து முழுக் கயிறாகவே தெரியும். அதில் மறுபடியும் பாரம் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதைக் கரைவலை இழுப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டாம் பூச்சில் முடி நேராகலாம். அடுத்த மாதம் சீப்போடு கையில் வந்தும் விடலாம்.

இரு குடும்ப மருந்துகளையும் மாற்றி மாற்றிப் பூசுவது இதைவிட மோசம். தயோ பட்ட முடியின் மேல் காரமருந்து பட்டால் முடி நொறுங்கிப் போவது அழகுக்கலைப் பாடத்தில் முதலில் சொல்லப்படும் எச்சரிக்கை. முதல் கடையில் பூசியது எது என்று தெரியாமல் இரண்டாம் கடைக்குப் போகும் பெண், கண்ணைக் கட்டிக்கொண்டு வீதியைக் கடப்பவளுக்குச் சமம்.

ஆகவே பொறுக்க வேண்டும். எவ்வளவு காலம்? முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும். காரமருந்து பூசியவர்கள் அடுத்த பூச்சுக்கு 8 முதல் 12 கிழமை காத்திருப்பது வழக்கம். அப்போதும் புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டுமே மருந்து. முன்னர் அரைகுறையாக நின்ற பகுதியைத் திருத்த வேண்டுமாயின், தேர்ந்த கலைஞர் முதலில் ஓர் இழையில் சோதித்துப் பார்த்து, வேர்ப் பூச்சின் கடைசிச் சில நிமிடங்களில் மட்டும் மருந்தை அங்கே இழுத்துவிடுவார். சோதிக்காமல் தலை முழுதும் அள்ளிப் பூசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

இடைப்பட்ட மாதங்களை எப்படிக் கடத்துவது? புதிய சுருளும் பழைய நேரும் சந்திக்கும் இடமே முடியின் பலவீனமான இடம். ஆகையால் இழுத்துக் கட்டும் கொண்டையும் இறுக்கிய குதிரைவாலும் கூடா. தளர்ந்த பின்னல் நல்லது. ஈரத் தலையைச் சிறுசிறு புரிகளாக முறுக்கி உலரவிட்டால் முடி முழுதும் ஒரே மாதிரியான அலை வரும். சுருளும் நேரும் வேறு வேறாகத் தெரியா. அதற்குச் சூட்டிரும்பு வேண்டியதில்லை. பாதி பலமிழந்த முடிக்கு அது இரண்டாவது அடி. சீப்பு அகன்ற பல்லுடையதாக இருக்கட்டும். நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். தென்னைக்குப் பெயர்போன மாவட்டத்தில் இருப்பவர்கள் எண்ணெயைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. முடி கழுவும்போது இழக்கும் புரதத்தைத் தேங்காயெண்ணெய் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. கழுவுவதற்கு முன் பூசுவது நல்லது. உச்சந்தலை புண்பட்டிருந்தால் ஆறும்வரை அங்கே எதுவும் வேண்டாம். புண் நீர் வடிந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

புத்தளத்துக்கென இரண்டு விடயங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது சுண்ணாம்புக்கல் பூமி. சீமெந்துத் தொழிற்சாலை அங்கே அமைந்ததும் அதனால்தான். கிணற்று நீரில் கல்சியம் மிகுதி. அது முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். அடுத்த முறை மருந்து சீராக ஊறுவதையும் தடுக்கும். கடைசி அலசலுக்கு மழைநீரோ வடிகட்டிய நீரோ கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். மற்றையது முக்காடு. ஹிஜாப் அணிவோர் ஈரத் தலையை மூடிக் கட்டக்கூடாது. பருத்தித் துணி நாள் முழுதும் உராய்ந்து பலவீனமான இழையை அறுக்கும். உள்ளே வழவழப்பான சற்றின் துணியில் ஒரு தொப்பி போதும்.

இனி உடல்நலம். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. முடி நேராக்கும் பொருள்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் அது மதிப்பிட்டது. ஆண்டுக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்துவதே அங்கே ‘அடிக்கடி’ எனப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. நோய் அரிதானது என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் இரண்டு கிழமைக்கு ஒரு பூச்சு என்று தொடங்குபவர் எந்த வரிசையில் போய் நிற்பார் என்று கணக்குப் பார்க்கலாம். ‘கெரட்டின்’ என்ற இனிய பெயரில் விற்கப்பட்ட சில பொருள்கள் சூடேறும்போது போமல்டிகைட்டை வெளியிட்டன. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. அதற்கு மாற்றாக வந்த கிளையொக்சிலிக் அமில வகைகளைப் பூசிய பின் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட 26 பேரைப் பற்றி இஸ்ரேலிய வைத்தியர்கள் 2023இல் எழுதினார்கள்.

இவ்வளவும் தெரிந்தபின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 19 வயதுப் பிள்ளைக்கு ஏன் அந்த இரண்டு கிழமை அவசரம்? அவசரம் அவளுடையதன்று. திருமண வீட்டில் பெண்கள் மட்டும் கூடியிருக்கும் அறையில், மாமியும் சாச்சியும் தலையைத் தொட்டுப் பார்த்து “இது என்ன முடி” என்பார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே எரிகிற மருந்தைத் தலையில் வைத்துக்கொள்கிறார்கள்.

புத்தளத்துக்கு அருகே சிரம்பியடி என்ற சிற்றூர் உண்டு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளர்கள் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அவர்கள் பாடும் மஞ்சாப் பாடல்களை மேடையேற்றிக் கைதட்டுகிறோம். அதே மக்களைக் குறிக்கும் ‘காப்பிலி’ என்ற சொல்லை, சுருள் முடிப் பிள்ளையைக் கேலி செய்யவும் கையாள்கிறோம். இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள் அந்தச் சொல்லையும் பொதிக்குள் வைத்துக் கொண்டுபோய், பக்கத்து வீட்டுக் கறுப்பினத்தவருக்குச் சூட்டினார்கள். தென்னாபிரிக்காவில் இனஒதுக்கல் காலத்தில் முடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து மனிதரின் இனத்தைத் தீர்மானித்தார்கள். அதைக் கொடுமை என்று பேசும் நாம், கையில் பென்சில் இல்லாமலே அந்தச் சோதனையைத் திருமண வீடுகளில் நடத்துகிறோம்.

நமக்கு இப்படி ஒரு மரபு இருந்ததா என்றால், இல்லை. சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு உவமை தேடியபோது ஆற்று நீர் வரிவரியாக நெளித்துவிட்ட கருமணலை, அறலைக் கண்டார்கள். சுரிகுழல் என்பது புகழ்ச்சொல். நேர்முடியே முடி என்ற எண்ணம் விளம்பரத்திலிருந்து இரவல் வாங்கியது.

முடியை நேராக்க விரும்பும் பெண்ணை நான் தடுக்க வரவில்லை. அது அவள் தலை, அவள் விருப்பம். விரும்பிச் செய்பவள் மூன்று மாதம் பொறுப்பாள். பயந்து செய்பவளால்தான் பொறுக்க முடிவதில்லை. ஆகவே என் கோரிக்கைகள் இரண்டே. அழகுக்கலை நிலையம் நடத்துவோர், பூசிய மருந்தின் வகையையும் திகதியையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எட்டுக் கிழமைக்கு முன் திரும்பி வருபவரிடம், காசு கிடைக்கிறதே என்று பாராமல், முடியாது என்று சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். அந்த மூன்று மாதமும் பிள்ளையின் தலையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் போதும்.