இருநூறு பக்கங்களும் நான்கு வரிகளும்

தமிழ்மொழிக் கழக மாணவர்கள் தங்கள் பள்ளியின் பழைய ஆண்டுமலர் ஒன்றை வருடியின் உதவியால் கணினியில் சேமிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மலரில் 200 பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயர் வெறும் எண். வேலை முடிந்த பிறகுதான் 57ஆம் பக்கம் விடுபட்டது தெரியவருகிறது. கணினியில் இருப்பவை 199 கோப்புகள். 57 என்ற கோப்பைத் திறந்தால் 58ஆம் பக்கம் தெரிகிறது. அங்கிருந்து கடைசிவரை எல்லாம் ஓர் எண் பிசகியே நிற்கின்றன.

இதைச் சரிசெய்ய 143 கோப்புகளின் பெயரை மாற்ற வேண்டும். கையால் மாற்றினாலும் அரைமணி நேரத்தில் முடியலாம். ஆனால், பாதியை எட்டும்முன் கண்ணும் கையும் சலித்துப்போகும். ஓர் எண் தவறினால் அதற்குப் பின் வருபவை எல்லாம் தவறும். இத்தகைய வேலையைக் கணினியிடமே ஒப்படைப்பதுதான் முறை. பைத்தான் மொழியில் நான்கு வரி நிரல் போதும்.

ஆயத்தக் கருவிகள் இருக்கும்போது மாணவர்கள் ஏன் நிரல் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விண்டோஸில் பல கோப்புகளை ஒருசேரத் தேர்ந்தெடுத்துப் புதுப்பெயர் கொடுத்தால், அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று அதுவே எண்ணிட்டுவிடும். சுற்றுலாப் படங்களுக்கு அது போதும். 57 முதல் 199 வரை உள்ள எண்களோடு ஒன்றைக் கூட்ட அந்த வசதி உதவாது.

நிரல் எழுதும்போதும் சிந்தனை தேவை. பலர் 57ஐ 58 ஆகவும், பிறகு 58ஐ 59 ஆகவும் மாற்றும்படி எழுதுவார்கள். பார்ப்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால், 58 என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறதே! விண்டோஸ் கணினியில் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸ், மேக் கணினிகளிலோ எச்சரிக்கை ஏதுமின்றிப் பழைய கோப்பு அழிந்து, புதியது அதன் இடத்தில் அமர்ந்துவிடும். அடுத்த சுற்றில் அதே கோப்பு 59ஐ அழிக்கும். இறுதியில் 143 கோப்புகளில் ஒன்றே மிஞ்சும். அதன் பெயர் 200. மற்ற 142 பக்கங்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமற்போயிருக்கும்.

தீர்வு எளிது. 199இலிருந்து பின்னோக்கி வர வேண்டும். 199ஐ 200 ஆக்கினால் 199 என்ற பெயர் காலியாகும். அடுத்து 198 அங்கே நகரலாம். நெருக்கமான வரிசையில் கடைசியில் நிற்பவர் முதலில் நகர்ந்து இடம்விடுவது போலத்தான். அதே நிரலில் 1, 2 என்பவற்றை 001, 002 என மாற்றுவதும் நல்லது. இல்லையெனில், பெயரை எழுத்துகளாக மட்டுமே பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள்கள் 1க்குப் பின் 10, 100 என்று அடுக்கிவிட்டு, 2ஐப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

வாய்பாட்டை அச்சிடும் பயிற்சியில் தவறு நேர்ந்தால் எதுவும் இழக்கப்படுவதில்லை. ஏனோதானோவென்று எழுதவும் தோன்றும். கோப்புப் பெயரை மாற்றும் பயிற்சி அப்படியன்று; பிறர் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. கணினி வகுப்பில் இத்தகைய பயிற்சிக்கே முதலிடம் தர வேண்டும்.

நிரலை இயக்குமுன் கோப்புறையைப் படியெடுத்து வைக்க வேண்டும். பிறகு, எதையும் மாற்றாமல் பழைய பெயரையும் புதிய பெயரையும் திரையில் காட்டும்படி மட்டும் ஒருமுறை இயக்கிப் பார்க்கலாம். பட்டியலின் முதல் வரியில் 199 இருக்க வேண்டும். 57 இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். எல்லாம் முடிந்த பின்னரும் படியை அழிக்க அவசரம் வேண்டாம். 200 என்ற கோப்பைத் திறந்து, அதில் மலரின் கடைசிப் பக்கம்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அழிக்கலாம்.