ஜின் என்று சொல்வதற்கு முன்



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தந்தை தம் பதினாறு வயது மகளை என்னிடம் அழைத்து வந்தார். "ஜின் பிடித்திருக்கிறது ஹஜ்ரத், ஓதிப் பாருங்கள்" என்றார். அவள் சில வேளைகளில் சிறு பிள்ளையின் குரலில் பேசுவாள். தன் பெயரை வேறாகச் சொல்வாள். தெளிந்தபின் எதுவும் நினைவிராது. ஓதி ஊதினேன், அமைதியானாள். மறுவாரம் மீண்டும் அதே நிலை. மூன்றாம் முறை வந்தபோதுதான் மனநல மருத்துவரிடம் செல்லச் சொன்னேன். முதல் நாளே சொல்லாதது என் பிழை.

பல மாதங்கள் பேசிப் பார்த்தபின் மருத்துவர் அதைப் பல்லாளுமைக் கோளாறு என்றார். சிறுவயது முதலே உறவினர் ஒருவர் அவளிடம் தகாத முறையில் நடந்துவந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. ஜின் என்ற ஒரு சொல் அந்த மனிதனுக்குத் திரையாக இருந்திருக்கிறது. பழியை ஜின்னின் மீது போட்டுவிட்டு, பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க நாம் மறந்துவிட்டோம்.

தாங்க இயலாத கொடுமை இளம் வயதில் திரும்பத் திரும்ப நிகழும்போது, மனம் அந்நினைவுகளைத் தனித்தனி அறைகளில் பூட்டிக்கொள்கிறது. அவையே பிற்காலத்தில் வெவ்வேறு ஆளுமைகளாக வெளிப்படுகின்றன. 'அந்நியன்' படத்தில் வருவது போல இவர்கள் கொலைகாரர்கள் அல்லர். பெரும்பாலும் தம்மையே வருத்திக்கொள்பவர்கள். தற்கொலை எண்ணமும் இவர்களிடம் மிகுதி.

அன்றாடச் செயல்கள்கூட நினைவிலிருந்து அறுந்துபோதல், தான் எழுதியதையே தன்னுடையதல்ல எனல், குரலும் நடத்தையும் திடீரென மாறுதல் ஆகியவை அடையாளங்கள். வலிப்பு நோயிலும் இவற்றுள் சில தோன்றலாம்; எனவே முதலில் மருத்துவப் பரிசோதனை தேவை. இக்கோளாற்றுக்கெனத் தனி மாத்திரை இல்லை. பயிற்சி பெற்றவரிடம் ஆண்டுக்கணக்கில் பெறும் பேச்சுவழிச் சிகிச்சையே முதன்மையானது. உடன்வரும் மனச்சோர்வுக்கு மருந்து உதவும். எல்லாவற்றுக்கும் முன்னர், கொடுமை நின்று பிள்ளை பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

ஜின் உண்டு என்பது நம் ஈமானைச் சேர்ந்தது. ஆனால் ஒவ்வொரு துன்பத்துக்கும் ஜின்னே காரணம் என்று மார்க்கம் சொல்லவில்லை. நோயுற்றால் மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். குர்ஆன் ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் அடிக்காதீர்கள், புகை போடாதீர்கள், கட்டி வைக்காதீர்கள். அடிபட்டே உடைந்த பிள்ளையை மீண்டும் அடிப்பது மருந்தாகுமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு தீயில் மாண்டதை நாம் மறக்கலாகாது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது.

மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகளின் பாதுகாப்புக்கு 1098 ஆகிய இலவச எண்கள் உள்ளன. என் போன்ற உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஓத அழைத்தால் ஓதுங்கள், அன்றே மருத்துவரிடமும் அனுப்பிவையுங்கள். "உனக்கு என்னம்மா நேர்ந்தது?" என்று பிள்ளையிடம் பரிவோடு கேட்கும் ஒருவராவது வீட்டில் இருக்கட்டும்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.