உடை விதி யாருக்கு?

எங்க மாமா பயணிகள் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறார். இத்தாலியில் சிவிட்டாவேக்கியா துறைமுகத்தில் கப்பல் நின்றதும், பயணிகள் பஸ் ஏறி ரோம் நகரைச் சுற்றிப் பார்க்கப் போவார்களாம். அங்கே தெருவெல்லாம் கருங்கல் பதித்தது. பழகின செருப்புதான் சரி. (புதுச் செருப்பு கடிக்கும், எனக்குத் தெரியும்!) புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முட்டியும் தெரிய உடுத்தினால் உள்ளே விடமாட்டார்கள். கைப்பையில் ஒரு துப்பட்டா இருந்தால் நல்லது.

எனக்குப் பிடித்ததே இதுதான்: அரைக்கால் சட்டை போட்ட ஆண்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நாம் மாமல்லபுரம் சுற்றுலா போனதற்கு முந்தின நாள், உடை பற்றி அரைமணி நேரம் அறிவுரை கேட்டது பெண்கள் மட்டும்தான். பையன்கள் வெளியே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை அவங்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்க, டீச்சர்.

– 9ஆம் வகுப்பு மாணவி