பழைய காரின் பெட்ரோல் பசி

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலையும் வேளையில், இராயப்பன்பட்டியிலோ அனுமந்தன்பட்டியிலோ கோவில் முற்றத்தைச் சற்றே நோக்குங்கள். மர நிழலில் நிற்கும் வாகனங்களுக்கிடையே, வெயிலில் நிறம் மங்கிய சிறிய கார் ஒன்றேனும் காணப்படும். அதன் முன்கண்ணாடி அருகே செபமாலை தொங்கும். வண்டியை மந்திரித்த நாளில் வைத்த புனித கிறிஸ்தோபர் சுரூபமும் இருக்கும். அது பெரும்பாலும் மாருதி 800 வண்டியாகவே இருக்கும். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டி, கம்பம் பள்ளத்தாக்கின் நடுத்தரக் குடும்பங்களில் இன்றும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வண்டிகளை வைத்திருக்கும் இல்லங்களில் அடிக்கடி எழும் முறையீடு, “முன்போல் ஓடவில்லை, பெட்ரோலைக் குடிக்கிறது” என்பது. முறையீட்டைத் தொடர்ந்து ஐயம் பிறக்கிறது. ஓட்டுநர் பெட்ரோலை எடுத்து விற்கிறாரோ, மகன் சொல்லாமல் வண்டியை எங்கேனும் கொண்டு போகிறானோ, மெக்கானிக் ஏமாற்றிவிட்டாரோ என்று மனம் அலைகிறது. காரின் குறை வீட்டின் குறையாக மாறிவிடுகிறது. ஆகவே இம்மாதம், பெட்ரோல் எங்கே போகிறது என்பதை ஒழுங்காகத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியை நாம் காண்போம்.

முதலில் கணக்கு

கோபுரம் கட்டப் புகுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். நமக்கும் அதுவே முதற்படி. “ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், இரண்டே நாளில் தீர்ந்தது” என்பது கணக்கன்று. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை தொட்டியை நிரப்புங்கள். கிலோமீட்டர் காட்டியில் உள்ள எண்ணை ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். இருநூறு அல்லது முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின், அதே பங்கில், அதே முறையில் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மை வெளிப்படும். ஒருமுறை பார்த்து முடிவு செய்யலாகாது. மூன்று முறை பார்த்துச் சராசரி காண வேண்டும்.

கிலோமீட்டர் காட்டியையும் சோதிப்பது நன்று. நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் காட்டி குறைவாகக் காட்டும். வண்டி ஓடிய தூரம் கணக்கில் வராமல் போகும். பங்கின் அளவில் ஐயம் இருந்தால், அங்கே வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டுமாறு கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பாருங்கள். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 50 லிட்டர் போதும். அதுவே 12 ஆகக் குறைந்தால் ஏறத்தாழ 67 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு இருபதாயிரம் ரூபாய் புகையாகப் போகிறது. நடுத்தரக் குடும்பத்தில் அது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவன்றோ!

எரிபொருளின் பங்கு

வண்டியைப் பழிக்குமுன் மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். இன்று நாம் வாங்குவது முற்றிலும் பெட்ரோல் அன்று. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022-ஆம் ஆண்டு ஜூனில் நாட்டின் சராசரியாக 10 விழுக்காட்டை எட்டியது. 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து கிடைக்கும் இந்த எத்தனாலில், அதே அளவு பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், லிட்டர் ஒன்றின் ஆற்றல் ஆறு ஏழு விழுக்காடு குறைகிறது. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், பழைய முறையில் அமைந்த நான்கு சக்கர வண்டிகளுக்கு ஏறத்தாழ இவ்வளவு குறைவையே மதிப்பிட்டது.

இதன் பொருள் யாது? முன்பு 16 கொடுத்த வண்டி இன்று 15 கொடுத்தால், அதில் குறையொன்றும் இல்லை. அதற்காக மெக்கானிக்கிடம் ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். ஆனால் 12 கொடுக்கிறது என்றால், குறைந்த நான்கில் ஒன்று எரிபொருளின் பங்கு. எஞ்சிய மூன்றும் வேறெங்கோ போகின்றன. அந்த மூன்றைத்தான் நாம் தேட வேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

தேடலில் முதலிடம் கசிவுக்கு. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் எத்தனாலைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. அவை நாளடைவில் உப்பி, வெடிப்புக் காணும். இரவு நிறுத்திய இடத்தில் காலையில் ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால், அன்று வண்டியை எடுக்க வேண்டாம். பெட்ரோல் நட்டத்தைவிடத் தீ விபத்து பெரிது. எத்தனாலுக்குத் தாங்கும் புதுக் குழாய்களை மாற்றுவது சிறு செலவே.

அடுத்தது டயர்க் காற்று. காலையில் வண்டி ஓடிச் சூடாகுமுன் காற்றைப் பார்த்து, கையேட்டில் குறித்த அளவுக்கு நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயர் மணலில் நடக்கும் மனிதனைப் போன்றது. ஒவ்வோர் அடிக்கும் வலிமை விரயமாகும்.

பின்னர், சமதரையில் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சிறிய கார் ஓர் ஆளின் தள்ளுதலுக்கு எளிதில் நகர வேண்டும். நகர மறுத்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது பொருள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பின், ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டு செல்லுங்கள், தொட வேண்டாம். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இருந்தால், சூடான சக்கரத்தில் பிரேக்கோ பேரிங்கோ இறுகியிருக்கிறது. கைப்பிரேக் கம்பி துருவேறி முழுதும் விடுபடாமல் நிற்பது பழைய வண்டிகளில் மிகச் சாதாரணம்.

டிக்கியையும் திறந்து பாருங்கள். தோட்டத்துக்கு வாங்கிய உரமூட்டை, பழுதான மோட்டார், பழைய இரும்பு என்று ஐம்பது கிலோ ஏறியிருக்கும். ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள வண்டிக்கு அது சிறு சுமையன்று.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

இவையெல்லாம் சரியாக இருந்தால் எஞ்சினுக்கு வருவோம். செம்மண் பாதையிலும் செங்கல் சூளை ஓரத்திலும் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாருதி 800 வண்டிக்கு எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தது. அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில் காற்று குறைந்தால் பெட்ரோல் மிகும். சோக் முழுதும் திறக்காமல் நின்றாலும் அதே விளைவுதான்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைக் காட்டச் சொல்லுங்கள். பிஸ்கட் நிறமாக இருந்தால் நலம். கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. எண்ணெய்ப் பசையோடிருந்தால் எஞ்சின் தேய்ந்து ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறுகிறது.

மற்றொரு சான்று நம் கையிலேயே இருக்கிறது. புகைச் சோதனைச் சான்றிதழை வண்டியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதில் கார்பன் மோனாக்சைடு எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். பழைய கார்புரேட்டர் வண்டிக்குச் சட்டம் வகுத்த உச்ச அளவு 3 விழுக்காடு. அளவு அதை நெருங்கி நின்றாலோ, சென்ற முறையைவிட ஏறியிருந்தாலோ, பெட்ரோல் முழுதும் எரியாமல் போகிறது. கார்புரேட்டரைக் கழுவி ஜெட்டைச் சோதித்து டியூன் செய்யும் நேரம் அதுவே. இன்ஜெக்‌ஷன் வண்டியாயின், வெளியேறும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரையும், எஞ்சின் வெப்பத்தை அளக்கும் சென்சாரையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் ஓடினால் பெட்ரோல் சரியாக எரியாது. குறைந்த விலையுள்ள அந்தப் பொருளின்மை ஆண்டுக்கணக்கில் பெட்ரோலைத் தின்னும். மேட்டில் எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இத்தனைக்கும் பின்னரே எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு எழ வேண்டும். அதுவும் சிலிண்டர்களின் அழுத்தத்தைக் கருவி கொண்டு அளந்த பிறகே. குழாயில் காந்தம் மாட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்பார் சொல்லுக்குச் செவி கொடாதீர்கள்.

மலையும் காற்றும்

நம் பள்ளத்தாக்கிற்கே உரிய இரண்டு காரணங்களையும் மறக்கலாகாது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஒன்றேகால் லிட்டர் அளவு பெட்ரோல் வேண்டும். சாலையில் உருள்வதற்கான செலவு வேறு. ஏலத்தோட்ட வேலையாய் வாரந்தோறும் மலையேறும் வண்டியை, தேனிக்கும் சின்னமனூருக்கும் இடையே சமவெளியில் ஓடும் வண்டியோடு ஒப்பிடுவது நேர்மையன்று.

ஆனி ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கம்பம் கணவாய் வழியே வீசும் காற்றின் வலிமையை இங்குள்ள காற்றாலைகளே சொல்லும். எதிர்க்காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் காரை 30 கிலோமீட்டர் காற்று எதிர்த்தால், காற்றின் தடை இரண்டேகால் மடங்காகிறது. எனவே தேனியிலிருந்து கம்பம் போன கணக்கை மட்டும் கொள்ளாமல், திரும்பி வந்த கணக்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டி வரும் சிலர் உண்டு. அவர்கள் மிச்சப்படுத்துவது ஒரு டம்ளர் பெட்ரோல்கூட இராது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட விசை இரண்டொரு மிதியில் தீர்ந்துவிடும். சாவியை முழுதும் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலில் இறங்கினால் முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். வண்டியில் இருப்பவர்கள் நம் மனைவி மக்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

தீர்ப்புக்கு முன்

மூன்று முறை அளந்து, எரிபொருளின் பங்கைக் கழித்து, மேலே சொன்ன ஒழுங்கில் தேடினால், பெரும்பாலான வண்டிகளில் காணாமற்போன கிலோமீட்டர்கள் டயரிலும் பிரேக்கிலும் ஃபில்டரிலும் பிளக்கிலுமே அகப்படும். அப்போது ஓட்டுநரின் முகத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் நம் ஐயப்பார்வையைச் சுமந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் வண்டியைத் துடைத்தவர் அவர். பிறர் பெயரைக் கெடுக்கும் அவசரத் தீர்ப்பு எட்டாம் கற்பனைக்கு மாறானது என்று நாம் ஞானோபதேசத்தில் கற்றோம். அக்கற்பனை பெட்ரோல் கணக்குக்கும் பொருந்தும்.

அந்த ஐயம் வீணானது என்று நோட்டுப் புத்தகம் காட்டுமாயின், அதை மூடி வைப்பதோடு நில்லாமல், அவரை அழைத்து அந்தக் கணக்கைக் காட்டுங்கள். அடுத்த முறை பெட்ரோல் போடும்போது எண்ணை எழுதும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள்.